பெட்டகத்து வெள்ளி ஏலத்துக்கு வரும்போது

விக்டோரியா ராணியின் தலை பொறித்த வெள்ளி ரூபா ஒன்றை யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் எந்த நகைக்கடைத் தராசில் வைத்தாலும் 11.66 கிராம் காட்டும். தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையும். ஒன்றரைப் பவுணுக்குச் சற்றே குறைந்த எடை. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு. கடைக்காரர் அன்றைய வெள்ளி விலையைப் பார்த்து, கழிவு கழித்து, ஒரு தொகை சொல்வார். அந்தத் தொகையை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறிய தீவகத்தார் எத்தனையோ பேர். ரூபா அடுத்த நாளே மூசைக்குள் இறங்கும். சில நாள் கழித்து ஏதோவொரு பிள்ளையின் அரைஞாண்கொடியாகவோ கொலுசாகவோ அது இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேரும்.

அதே ரூபாவுக்கு இப்போது இன்னொரு வழியும் இருக்கிறது: ஊருக்கு நிதி சேர்க்கும் ஏலம். தீவகத்துப் பல ஊர்களின் பெயரால் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் சங்கங்கள் இயங்குகின்றன. ஆண்டுக்கொரு ஒன்றுகூடல், ஓர் இராப்போசன விருந்து, அங்கே ஏதாவதொரு பொருளை ஏலம் கூறி ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கோ வாசிகசாலைக்கோ தண்ணீர்த் தாங்கிக்கோ காசு திரட்டுவது பழகிப்போன வழக்கம். வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் கிடக்கும் சரவணை போன்ற ஒரு சின்ன ஊருக்கு இந்தப் பணம் பெரிய பணம். அந்த ஏல மேசையில் வைப்பதற்கு, அப்பு ஆச்சி காலத்து வெள்ளிக்காசைவிடப் பொருத்தமான பொருள் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏலத்துக்கு வரும் பழைய வெள்ளியை நிறுத்து விற்றால் ஊருக்கு இரட்டை நட்டம். காசும் குறைவாக வரும், காசோடு வந்த வரலாறும் போய்விடும். ஒவ்வொரு நாணயத்தையும் இன்னதென்று அறிந்து, யார் வீட்டிலிருந்து வந்தது என்று எழுதி, அந்தக் கதையோடு சேர்த்தே ஏலம் கூற வேண்டும். சில காசுகளை ஏலத்துக்கே கொண்டுவரக் கூடாது. அதையும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒருதரம், இரண்டுதரம்

ஏலம் நமக்குப் புதிதில்லை. விடியற்காலையில் வள்ளம் கரைக்கு வந்ததும் மீனைக் குவித்துக் கூறி விற்கும் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் தீவகத்தார். கோயிலில் அது வேறு குரலில் கேட்கும். நேர்த்திக்கு வந்த வாழைக்குலை, முதற்காய்ப்புத் தேங்காய், பட்டு எல்லாவற்றையும் திருவிழா முடிந்ததும் மண்டபத்தில் வைத்து ஒருதரம், இரண்டுதரம் என்று கூறுவார்கள். மாம்பழத் திருவிழாவில் ஒற்றை மாம்பழம் ஒரு லட்சம் ரூபாவைத் தாண்டிப் போன செய்திகளை வடபகுதி நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். அந்தப் பழத்தைச் சந்தையில் நூறு ரூபாவுக்கு வாங்கலாம் என்பது கேட்டவருக்கும் தெரியும், கூறியவருக்கும் தெரியும். மிச்சத் தொகை பழத்துக்காகக் கொடுப்பதில்லை. சுவாமியின் காலடியில் இருந்து வந்தது என்பதற்காகக் கொடுப்பது.

இந்த உளவியலை நன்றாக அறிந்து பயன்படுத்தியவர் காந்தி. போகும் ஊரெல்லாம் அவருக்கு வரவேற்புப் பத்திரங்களை வெள்ளிப் பேழையில் வைத்துக் கொடுப்பார்கள். அவர் அந்தப் பேழையையும் தட்டையும் மேடையிலேயே ஏலம் போட்டு, வந்த தொகையைக் கதர் நிதியிலோ அரிசன நிதியிலோ சேர்த்துவிடுவார். ஊர் ஊராக இதைச் செய்தார். 1927 நவம்பரில் அவர் இலங்கைக்கு வந்ததும் கதருக்கு நிதி திரட்டத்தான். அம்மாதம் 26 முதல் 29 வரை யாழ்ப்பாணத்தில் இருந்தார். ஹண்டி பேரின்பநாயகம் போன்றோர் முன்னின்று நடத்திய மாணவர் காங்கிரஸ்தான் அவரை வரவேற்பதில் முன்நின்றது. யாழ்ப்பாணத்துப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பேசினார். உடுவில் மகளிர் பாடசாலைக்கும் சுன்னாகத்து இராமநாதன் கல்லூரிக்கும் போனார். உடன்வந்த மகாதேவ தேசாய் அந்தப் பயணத்தைத் தனி நூலாகவே எழுதி வைத்தார். காந்தியின் ஏலத்தில் வெள்ளிப் பேழை வாங்கியவர் எவரும் அதை வெள்ளி விலைக்கு வாங்கவில்லை. யார் கைப்பட்டது, எந்தக் கூட்டத்தில், எதற்காக என்ற மூன்றுக்கும் சேர்த்தே விலை கொடுத்தார்கள்.

சிறிது சிறிதாகச் சேர்த்துப் பெரிதாகச் செய்வதும் நம் மண்ணில் ஊறியது. வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் 1848ல் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாங்கியதில் வீட்டுக்கு வீடு பெண்கள் எடுத்து வைத்த பிடியரிசிக்குப் பங்குண்டு. உலையில் போட எடுத்த அரிசியில் ஒரு பிடி தனிப்பானைக்குப் போகும். பெட்டகத்திலிருந்து ஒரு வெள்ளி ரூபாவை எடுத்து ஊருக்குக் கொடுப்பதும் அந்த வழியில் வந்த கொடைதான்.

இவ்வளவு வெள்ளி எப்படி வந்தது?

தென்னையும் பனையும் புகையிலையும் மீனுமாக வாழ்ந்த தீவில் வெள்ளிக்காசு எங்கிருந்து வந்தது? கடல் வழியாகத்தான். நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டொன்று இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டுக்குரியது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963ல் அதைப் படித்து வெளியிட்டார். ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பிறநாட்டு வணிகருக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபப் பொருள் ஏற்றி வந்த கப்பலானால் பாதிக்குப் பாதி. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஊர்காவற்றுறையில் இவ்வளவு நுணுக்கமான கணக்கு வேண்டியிருந்தது என்றால், அந்தத் துறையில் எவ்வளவு சரக்கும் காசும் புழங்கியிருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அதே தீவின் அல்லைப்பிட்டியில் 1977ல் ஜோன் கார்ஸ்வெல் சீனத்துச் சொங் காலப் பீங்கான்களைக் கண்டெடுத்தார். 2018ல் சீன ஆய்வாளர்களும் இலங்கை ஆய்வாளர்களும் அங்கே மீண்டும் தோண்டினார்கள்.

இன்று வீடுகளில் எஞ்சியிருக்கும் வெள்ளி அவ்வளவு பழையதில்லை. அதில் பெரும்பகுதி பிரித்தானியர் காலத்தது, அதிலும் இந்திய ரூபா. இதற்குக் காரணம் எளிது. 1872ல் இலங்கை ரூபா–சதக் கணக்குக்கு மாறியபோது இந்திய ரூபாதான் இங்கும் ரூபா. பிரித்தானியர் ஆட்சியில் இலங்கைக்கென்று தனியாக வெள்ளி ரூபா அடிக்கப்படவே இல்லை. இலங்கைக்காக வெள்ளியில் அடித்தவை 50, 25, 10 சதங்கள் மட்டும். அவை 1892ல் தொடங்கின. ஆகவே புகையிலை விற்ற காசும், தென்னிலங்கையில் சுருட்டுக்கடை வைத்துச் சேர்த்த காசும், காணி ஈடு மீட்கக் கொண்டுவந்த காசும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் அடித்த ரூபாவாகவே தீவுக்கு வந்தது.

இன்னொரு வழி மலாயா. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி, யாழ்ப்பாணத்து இளைஞர்கள் ரயில்வேக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் வேலைக்குப் போனார்கள். ஊருக்குத் திரும்பிய மலாயன் பென்சனியர் கட்டிய கல்வீடுகள் இன்னும் நிற்கின்றன. அவர்கள் கொண்டுவந்த பெட்டிகளில் ஸ்ட்ரெய்ட்ஸ் டொலரும் இருந்தது. 1903ல் முதலில் அடித்த அந்த டொலரில் ஏழாம் எட்வேர்ட் அரசரின் முகம் ஒரு புறம். மறுபுறம் சீன எழுத்தும் ஜாவி எழுத்தும். எடை கிட்டத்தட்ட 27 கிராம். வெள்ளி விலை ஏறியதும் 1907ல் அதையே 20 கிராமாகச் சுருக்கினார்கள். இரண்டையும் அருகருகே வைத்தால் அளவிலேயே வித்தியாசம் தெரியும். வீட்டில் டொலர் இருக்கிறது என்று சொல்பவர் எந்த ஆண்டு என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

இந்திய ரூபாவிலும் ஒரு பெரிய உலகக் கதை ஒளிந்திருக்கிறது. முதல் உலகப்போர்க் காலத்தில் இந்தியாவில் வெள்ளி ரூபாவுக்குக் கடும் தட்டுப்பாடு. மக்கள் கடதாசி நோட்டை நம்பாமல் அதைக் கொடுத்து வெள்ளி கேட்டார்கள். கிடைத்த வெள்ளியைப் பதுக்கினார்கள். அரசின் கையிருப்பு வற்றும் நிலைக்கு வந்துவிட்டது. 1918 ஏப்ரலில் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்றொரு சட்டம் செய்து, கருவூலத்தில் கிடந்த வெள்ளி டொலர்களை உருக்கத் தொடங்கியது. மொத்தம் 27 கோடிக்கும் மேற்பட்ட டொலர்கள் உருகின. அந்த வெள்ளியில் மிகப் பெரும்பகுதியைப் பிரித்தானியா இந்தியாவுக்காக வாங்கி, அக்கசாலைகளில் ரூபாவாக அடித்தது. உங்கள் வீட்டில் 1918, 1919, 1920 என்று ஆண்டு போட்ட ஐந்தாம் ஜோர்ஜ் ரூபா இருந்தால், அதிலுள்ள வெள்ளி ஒரு காலத்தில் அமெரிக்க டொலராக இருந்திருக்கக் கூடும். இதைச் சொல்லி ஏலம் கூறிப் பாருங்கள். ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் மண்டபத்தில் கை தூக்குவார்கள்.

ஒரு ரூபாவைக் கையில் எடுத்தால்

1862 என்று போட்ட ரூபாவை எடுத்துக்கொள்ளுங்கள். தீவகத்து வீடுகளில் எளிதாகக் கிடைக்கக்கூடியது. முன்புறம் முடி சூடிய விக்டோரியா. பின்புறம் பூக்கொடி வளையத்துக்குள் ஒரு ரூபா, இந்தியா, 1862. இந்த ஆண்டு எண்ணை நம்பி ஏமாறக் கூடாது. 1862க்குப் பிறகும் பல ஆண்டுகள் அதே எண்ணைப் போட்டே அடித்தார்கள். 1874ல்தான் ஆண்டு மாறியது. பம்பாயில் அடித்த சிலவற்றில் எண்ணுக்குக் கீழும் மேலும் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். பூதக்கண்ணாடியில்லாமல் அவை தெரியாது. அந்தப் புள்ளிகளை எண்ணித்தான் எந்த ஆண்டில் அடித்தது என்று சேகரிப்போர் வகை பிரிக்கிறார்கள். ஒரே எடை, ஒரே வெள்ளி, ஒரே முகம் கொண்ட இரண்டு ரூபாக்களில் ஒன்று சாதாரணம், மற்றது தேடி அலையும் சரக்கு. நகைக்கடைத் தராசுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

பிறகு விளிம்பைப் பாருங்கள். மேற்பக்கத்தில் பொடி ஒட்டிய தடமோ சின்னத் துளையோ இருக்கலாம். அது காது வைத்துக் கோர்த்துக் கழுத்தில் போட்ட காசு. நாணய வியாபாரி அதைக் கண்டதும் உதட்டைப் பிதுக்குவார். விலையைப் பாதிக்கு இறக்குவார். அது அவர் தொழில். ஊர் ஏலத்தில் அந்தத் தடத்துக்கு மதிப்பு வேறு. எந்த ஆச்சியின் கழுத்தில் கிடந்தது, எந்தக் கலியாணத்துக்குப் போட்டது, எந்தக் கடனுக்கு அடகு போய் மீண்டு வந்தது என்று சொல்ல ஆள் இருந்தால், காது ஒட்டிய காசுதான் மேசையில் முதலிடம் பெற வேண்டியது.

1911 ரூபாவைக் கட்டாயம் தனியே எடுத்து வையுங்கள். ஐந்தாம் ஜோர்ஜ் அரசர் அணிந்த அங்கியின் மார்புப் பக்கத்தில் ஒரு சின்ன யானை உருவம் உண்டு. தும்பிக்கையைக் குறுக்கி வரைந்ததில் அது பன்றிபோலத் தெரிந்தது. மக்களிடையே எதிர்ப்புக் கிளம்பியதும் அரசு அந்த நாணயத்தை நிறுத்தியது. 94 லட்சம் அடித்ததில் ஏறக்குறைய 7 லட்சம்தான் வெளியே வந்தன, எஞ்சியவை உருக்கப்பட்டன. அடுத்த ஆண்டு யானையைத் திருத்தி அடித்தார்கள். ஆறாம் ஜோர்ஜ் அரசர் காலத்து 1939 ரூபா இதைவிடவும் அரிது. 1940ல் ரூபாவில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்ததும் முந்திய நல்ல வெள்ளியெல்லாம் உருகப் போய்விட்டது. அதில் 1939ஆம் ஆண்டுக் காசு தப்பியது கொஞ்சமே.

இலங்கைச் சதக் காசுகளிலும் இதே ஏற்ற இறக்கம் உண்டு. குடைப்பனை பொறித்த அந்த 50 சதத்தின் எடை 5.83 கிராம். 1917 வரை அதில் நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளி. 1919 முதல் ஐம்பத்தைந்து பங்குதான். எடையோ தோற்றமோ மாறவில்லை. முன்னதில் நாலரை கிராமுக்கு மேல் வெள்ளி, பின்னதில் மூன்றே சொச்சம். இரண்டையும் ஒரே குவியலில் போட்டு ‘வெள்ளிச் சதம் பத்து’ என்று ஏலம் கூறுவது கொடுத்தவருக்கும் அநியாயம், வாங்குபவருக்கும் அநியாயம். 1943ல் வந்த நிக்கல் பித்தளைச் சதங்களில் வெள்ளியே கிடையாது.

1957ல் புத்த ஜயந்தியின் 2500ஆம் ஆண்டு நிறைவுக்கு இலங்கை அரசு ஐந்து ரூபா வெள்ளி நாணயம் வெளியிட்டது. 28 கிராமுக்குச் சற்று மேல், நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரை வெள்ளி. ஐந்து லட்சம் அடித்ததில் ஏறத்தாழ 2,58,000 திரும்பி வந்து 1962ல் உருக்கப்பட்டன. பாதிக்கு மேல் அரசின் கையாலேயே அழிந்தது என்பதால் மீந்த பாதியின் மதிப்பு ஏறியது. தமிழ் வீடுகளிலும் இந்த நாணயம் இருக்கிறது. பெரிய காசு, நல்ல வெள்ளி என்று எடுத்து வைத்தார்கள். அது எப்போது, யார் கையால் கிடைத்தது என்பதை ஒரு வரி எழுதி வைத்தால் ஏலத்தில் பேச்சாகும்.

போலியும் உண்டு. இராமர் பட்டாபிஷேகம் பொறித்து, கிழக்கிந்தியக் கம்பெனி 1818 என்று போட்ட காசுகளைக் கோடி பெறும் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். கம்பெனி அப்படியொரு காசை அடித்ததே இல்லை. பக்திக்குச் சுவாமி அறையில் வைக்கலாம். ஏலத்தில் நாணயமென்று வைத்தால் சங்கத்தின் பெயர் கெடும். விக்டோரியா ரூபாவிலும் ஈயம், பித்தளை கலந்து வார்த்த போலிகள் வந்திருக்கின்றன. எடை 11.66 கிராமை விட்டு வெகுவாக விலகினால், காந்தம் இழுத்தால், சுண்டும்போது ஓசை மங்கிக் கேட்டால் ஒதுக்கி வையுங்கள்.

மேசைக்கு வரக்கூடாதவை

யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட சேதுக் காசுகளைப் பற்றி சுவாமி ஞானப்பிரகாசர் 1920 அளவில் எழுதினார். படுத்திருக்கும் நந்தி, அதற்குக் கீழே தமிழில் ‘சேது’ என்ற எழுத்து. பெரும்பாலும் செம்பு. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் இலங்கைத் தமிழரின் பழைய நாணயங்களைத் தொகுத்துத் தனி நூலே எழுதியிருக்கிறார். கந்தரோடையில் போல் ஈ. பீரிஸ் 1917 முதல் 1919 வரை நடத்திய ஆய்வில் முத்திரை குத்திய பழைய வெள்ளிக்காசுகளும் கிடைத்தன. இவையெல்லாம் மண்ணிலிருந்து வந்தவை.

மண்ணிலிருந்து வந்த காசு ஒருவருக்குச் சொந்தமாகாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் தேதிக்கு முந்தியவற்றைத் தொல்பொருள் என்கிறது. மண்ணில் கிடைத்தால் அது அரசுக்குரியது. கண்டெடுத்தவர் அறிவிக்க வேண்டும். அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவும் முடியாது. கலாசாரப் பண்புடைய பொருட்களின் ஏற்றுமதிக்கு 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. ஆகவே கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் கிண்டும்போதோ கிடைத்த காசைப் பயணப் பெட்டியில் போட்டு ரொறன்ரோ ஏலத்துக்குக் கொண்டுபோவது நற்பணியாகாது. யானை பொறித்த 1821 ரிக்ஸ்டாலர் அந்த எல்லைக்கு ஆறு ஆண்டுகள் பிந்தியது. அதற்கு முந்தைய, 1803 முதல் 1809 வரையிலான ஸ்டைவர் வெள்ளிகள் உள்ளே விழுகின்றன. ஆண்டைப் பார்க்காமல் எதையும் மேசையில் வைக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதும். சந்தேகமென்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறையையோ நல்லூர் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்தையோ கேட்கலாம்.

சட்டத்தை விட்டுவிட்டாலும் இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த காசுகள் பல ஆண்டுகளாக உலோக வியாபாரிகள் வழியாக மூசைக்குப் போய்க்கொண்டிருந்தன. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அப்படிப் போகவிருந்தவற்றை வாங்கிப் பார்த்ததில்தான் ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’ என்று எழுத்துப் பொறித்த சேரர் வெள்ளி நாணயங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. அவர் வாங்காத நாட்களில் உருகியவை எவ்வளவு? தீவகத்து மண்ணிலும் அப்படிப்பட்ட எழுத்து இருக்கலாம். அதை விற்பவர் தன் பேரப்பிள்ளைகளின் வரலாற்றை விற்கிறார்.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

கொடுக்க முடிவு செய்ததும் நம்மவர் செய்யும் முதல் காரியம் காசைத் துலக்குவது. பழப்புளி, திருநீறு, பற்பசை, அடுப்புச் சாம்பல் என்று எல்லாவற்றையும் போட்டு மின்னவைத்துக் கொண்டுவருவார்கள். மரியாதைக்காகச் செய்வதுதான். ஆனால் நூறு ஆண்டுகளாகப் படிந்த கருமை வெள்ளிக்குப் போர்வை. சேகரிப்பவர் அதையே தேடுகிறார். தேய்த்தால் எழுத்தின் விளிம்பு மழுங்கும், நுண்ணிய கீறல் விழும், விலை சரியும். மென்துணியில் சுற்றியோ கடதாசி உறையில் வைத்தோ அப்படியே கொண்டுவாருங்கள். பிளாஸ்ரிக் பையில் நீண்ட காலம் அடைத்து வைப்பதும் கூடாது.

ஒரு காசோடு ஒரு கடதாசி வரவேண்டும். நாணயத்தின் ஆண்டு, எடை, யார் கொடுத்தது, அவருக்கு யாரிடமிருந்து வந்தது, எந்த வீடு, எந்த வளவு, 1990, 1991ல் தீவகம் இடம்பெயர்ந்தபோது அது எங்கே இருந்தது. பெட்டகத்தோடு விட்டுப் போய்த் திரும்பி வந்தபோது கிடைத்ததா, மடியில் கட்டிக்கொண்டு வன்னிக்குப் போனதா, கொழும்பு லொட்ஜில் கிடந்ததா, பிளேன் ஏறியதா? அந்த ஆண்டுகளில் வீடு, கூரை, கதவு நிலை எல்லாம் போனபின் எஞ்சிய சின்னப் பொருள்களில் ஒன்று அந்தக் காசு. அதற்கு இந்த வரிகளை எழுதாமல் விற்பதைப் பொறுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

முதல் உலகப்போர்க் காலத்துப் பிரிட்டனில் இரண்டும் நடந்தன. 1915ல் தொடங்கிய ஒரு நிதிக்குப் பெண்கள் தையல் விரலுறைகளையும் உடைந்த வெள்ளிச் சாமான்களையும் கொடுத்தார்கள். உருக்கி விற்று ஆம்புலன்ஸ் வாங்கினார்கள். அதே ஆண்டு கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் செஞ்சிலுவைக்காக நன்கொடைப் பொருள்களை அப்படியே, கொடுத்தவர் பெயரோடு ஏலம் விட்டது. விரலுறைகளில் ஒன்றைக்கூட இன்று அடையாளம் காண முடியாது. கிறிஸ்டீஸ் ஏலப் பட்டியல்கள் மிஞ்சியிருக்கின்றன. உடைந்த தட்டுமுட்டு வெள்ளிக்கு முதல் வழி சரி. ஆண்டும் முகமும் எழுத்தும் உள்ள நாணயத்துக்கு இரண்டாவதே வழி.

சங்கங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை, ஒழுங்காகச் செய்ய வேண்டும். வந்த ஒவ்வொரு காசுக்கும் கையெழுத்துப் போட்ட பற்றுச்சீட்டு. இருபுறமும் தெளிவான படம். நாணயம் தெரிந்த ஒருவரின் மதிப்பீடு. இலங்கை நாணயவியல் சங்கத்தாரை அணுகலாம், கவன் ரத்னதுங்க இணையத்தில் தொகுத்து வைத்திருக்கும் இலங்கை நாணயப் பட்டியலையும் பார்க்கலாம். அடிப்படை விலை வெள்ளி விலைக்குக் கீழே போகக் கூடாது. கனடாவில் பதிவு பெற்ற அறநிறுவனமென்றால், பொருளாகக் கிடைத்த கொடைக்கும் சந்தை மதிப்பில் வரிப் பற்றுச்சீட்டு கொடுக்கலாம். ஆயிரம் டொலரைத் தாண்டும் என்றால் வெளியார் ஒருவரின் மதிப்பீட்டைப் பெறுமாறு அந்நாட்டு வருமான வரித் துறை சொல்கிறது. இதை அறியாமல் எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னால் அல்லாடக் கூடாது. ஏலத்துக்கு அடுத்த மாதமே எந்தக் காசு என்ன விலைக்குப் போனது, அந்தப் பணம் ஊரில் எதற்குச் செலவானது என்று கணக்கு வெளியே வர வேண்டும். இது தாமதமானால் அடுத்த ஆண்டு பெட்டகங்கள் திறக்காது.

எல்லாவற்றையும் விற்றுவிடவும் வேண்டாம். ஒவ்வொரு வகையிலும் ஒன்றை ஊரிலேயே நிறுத்துங்கள். பள்ளிக்கூடத்தில் பூட்டுள்ள கண்ணாடிப் பெட்டி ஒன்று போதும். 1911 யானையைப் பூதக்கண்ணாடியில் காட்டினால் வகுப்புக்கு ஒரு மணிநேர வரலாற்றுப் பாடம் கிடைக்கும். வாங்கியவரிடமே கேட்டுப் பாருங்கள். ஏலத்தில் எடுத்த காசை ஊருக்கே திருப்பிக் கொடுக்கும் மனம் நம்மவரிடம் உண்டு. கோயில் ஏலத்தில் அதைப் பார்த்திருக்கிறோம்.

சரவணையிலோ வேலணையிலோ நாரந்தனையிலோ, அல்லது அந்த ஊர்களை விட்டு வந்து ஸ்காபரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ இருப்பவர்களே, இந்த வாரக் கடைசியில் பெட்டியைத் திறந்து பாருங்கள். காசைத் துலக்காதீர்கள், நகைக்கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். வீட்டில் மூத்தவர் ஒருவரை இருத்தி, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படமெடுத்து, எழுதியதையும் சேர்த்து நூலகம் நிறுவனம் போன்ற ஆவணக் காப்பகத்துக்கு ஒரு படி அனுப்புங்கள். அதற்குப் பிறகு ஊருக்குக் கொடுங்கள்.